மலையுச்சியில் உறங்கும் பகைவர்

பகை என்பது உயிரோடு முடிந்துவிடுமா, அன்றி உடல் மண்ணான பின்னரும் தொடருமா? இவ்வினாவுக்கு விடை தேடுவோர், வட இத்தாலியிலுள்ள கிறப்பா மலைக்கு மனத்தளவிலேனும் ஒருமுறை சென்று வருதல் நன்று.

1,775 மீற்றர் உயரமான அம்மலையின் உச்சியில் 1901ஆம் ஆண்டு ஓகஸ்ட் 4ஆம் திகதி மாதாவின் சொரூபம் ஒன்று ஆசீர்வதிக்கப்பட்டது. முதலாம் உலகப் போரில், 1917 நவம்பர் முதல் ஓராண்டளவாக இத்தாலியரும் ஒஸ்திரிய-ஹங்கேரியப் படையினரும் அங்கு பொருதினர். 1918இல் எறிகணையொன்று சொரூபத்தையும் சிதைத்தது. செப்பனிடப்பட்ட பின் 1921இல் அச்சொரூபம் மீண்டும் மலையேறியது.

1935 செப்டெம்பரில் அங்கு நினைவாலயம் திறக்கப்பட்டது. வட்ட வட்டமாக உயரும் கற்படிகளினுள்ளே இத்தாலிய வீரர் 12,615 பேர் துயில்கின்றனர். அதே முகட்டில், சற்றுத் தள்ளி, எதிர்த்து நின்ற 10,295 பேரும் துயில்கின்றனர். இவர்களுள் பெயர் தெரிந்தவர் 295 பேர் மாத்திரமே. அவர்களில் ஒருவரின் பெயர் சிறுவர் கதை நாயகன் ஒருவனின் பெயராக அமைந்துவிட்டது. அதனால் அவர் கல்லறையில் வழிப்போக்கர் பூ வைத்துச் செல்கின்றனர். பெயர் நெஞ்சிற் பட்டதும் பகைவன் ஒரு தாயின் பிள்ளையாகிவிடுகின்றான்! பெயரற்ற ஏனையோருக்கும் தாய்மார் இருந்தனரன்றோ?

மாற்றானுக்கும் மலர் வைத்தால் அவன் செய்த தீங்கு நியாயமாகிவிடாதா எனச் சிலர் கேட்பர். ஆகாது. செயலின் நன்மை தீமையை ஆராய்வது உயிரோடிருப்போரின் கடன், அதனைக் கைவிடலாகாது. ஆனால், இறந்தவனுக்காக அழும் உரிமை வழக்கின் தீர்ப்புக்காகக் காத்திருப்பதில்லை. தன் பிள்ளையை நினைந்து அழும் தாய், அடுத்தவளின் கண்ணீரைத் தடுப்பதால் தன் துயரிற் சிறிதும் குறையப்பெறாள்.

எனினும், கல் தானாக ஒன்றையும் கற்பிப்பதில்லை. அந்நினைவாலயத்தைக் கட்டிய முசோலினியின் அரசு, அது திறக்கப்பட்டுச் சில நாட்களில், 1935 ஒக்டோபர் 3ஆம் திகதி எதியோப்பியா மீது படையெடுத்தது. இருபத்திரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரின் எலும்புகளைப் பார்த்த பின்னரும் ஆட்சியாளரின் போர்வெறி தணியவில்லை. நினைவிடம் வீரப்பெருமையை வளர்ப்பதும் இரக்கத்தை வளர்ப்பதும், ஏறிச் செல்பவன் எத்தகைய மனத்தோடு ஏறுகின்றான் என்பதிலேயே தங்கியுள்ளது.

தன்னவனுக்கு ஏற்றிய விளக்கின் ஒளி மாற்றானின் கல்லறையிலும் படுமாயின் அதனை மறைக்காதிருத்தல் அறம். மலையேறியவன் அவ்வளவேனும் கற்று இறங்குவானாயின் ஏறியதன் பயன் கிட்டும்.