153: எண்ணின் இயல்பும் எழுத்தின் இயல்பும்

யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசுவின் சொற்படி திபேரியக் கடலில் வலை வீசிய சீடர்களுக்கு 153 பெரிய மீன்கள் கிடைக்கின்றன. 'ஏராளம்' என்றாலே போதுமான இடத்தில் இவ்வளவு துல்லியமான கணக்கு எதற்கு? எண்ணுக்குள்ளேயே ஒரு செய்தி பொதிந்திருக்கிறதா?

5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித அகுஸ்தினார் இதற்கு விடை சொன்னார். 1 முதல் 17 வரை கூட்டினால் 153. முதல் வரிசையில் ஒரு கல், அடுத்ததில் இரண்டு என்று 17 வரிசைகள் அடுக்கினால் குறையில்லாத முக்கோணம் அமையும். 17 என்பது பத்துக் கட்டளைகளும் தூய ஆவியின் ஏழு கொடைகளும் சேர்ந்த தொகை. ஆகவே ஆவியின் அருளால் சட்டத்தை நிறைவேற்றுவோரையே அந்த மீன்கள் குறிக்கின்றன என்றார் அவர்.

இன்று அதிகம் பேசப்படுவது வேறொரு பண்பு. 1, 5, 3 ஆகிய இலக்கங்களின் கனங்கள் 1, 125, 27. கூட்டினால் மீண்டும் 153. மூன்றால் வகுபடும் எந்த நேர் முழு எண்ணை எடுத்தாலும், அதன் இலக்கங்களின் கனங்களைத் திரும்பத் திரும்பக் கூட்டினால் கடைசியில் இதில்தான் வந்து நிற்கும். 12இல் தொடங்கினால் 9, 729, 1080, 513, பிறகு 153.

வியப்பு நியாயமானதே. ஆனால் இந்தப் பண்பு எண்ணுக்கு உரியதன்று, பத்தடிமான முறையில் எழுதுவதால் வருவது. எட்டை அடியாகக் கொண்டால் அதே எண் 231 ஆகும். கனங்களின் கூட்டுத்தொகையோ 36தான். நற்செய்தி எழுதப்பட்ட கிரேக்க மொழியில் நூறுக்கும் ஐம்பதுக்கும் மூன்றுக்கும் தனித்தனி எழுத்துகள் இருந்தன, இடமதிப்பு இல்லை. யோவான் இந்தப் பண்பைக் கண்டிருக்க வழியே இல்லை. கணித மேதை ஹார்டியும் 1940இல் வெளியான தம் நூலில், இத்தகைய எண்களில் கணித அறிஞரைக் கவர ஒன்றுமில்லை என்று ஒதுக்கினார்.

முக்கோணப் பண்பு அப்படிப்பட்டதன்று. கற்களை அடுக்க எந்த எழுத்துமுறையும் வேண்டாம். அந்த வகையில் அகுஸ்தினார் உறுதியான தளத்தில் நிற்கிறார். ஆனால் அதற்கும் ஒரு தடை உண்டு. 153 முக்கோண எண்ணாக இருப்பது கட்டாய உண்மை. அடையாளம் என்பது ஒருவர் தேர்ந்து இடுவது. வேறுவிதமாக இருக்கவே முடியாத ஒன்றில் தேர்வுக்கு ஏது இடம்? கணித உண்மைகளையும் கடவுளே விரும்பி நிறுவினார் என்று மெய்யியலாளர் தெக்கார்த்து 1630இல் தம் நண்பர் மெர்சென்னுக்கு எழுதினார். அதை ஏற்றாலும் 136, 171 போன்ற மற்ற முக்கோண எண்களும் அதே விருப்பத்தில் பிறந்தவையே. 153க்கு மட்டும் தனிச்சிறப்பு வந்துவிடாது.

தேர்வு என்று ஒன்று இருந்தால், மீன்கள் 152 ஆகவோ 154 ஆகவோ இல்லாமல் 153 ஆக இருந்ததில்தான் இருக்க முடியும். நம்புவோருக்கு அது கடவுளின் தேர்வு. சில ஆய்வாளர்களுக்கு நற்செய்தியாளரின் தேர்வு. இரண்டில் எதுவானாலும் அதன் நோக்கத்தைக் கூட்டலும் பெருக்கலும் காட்டித் தரா. நூலுக்குள்தான் தேட வேண்டும். இத்தனை மீன்கள் இருந்தும் வலை கிழியவில்லை என்பதையே யோவான் அடுத்ததாகச் சொல்கிறார். கட்டளைகளையோ கொடைகளையோ பற்றி அந்த அதிகாரத்தில் பேச்சே இல்லை. அவை விடுதலைப் பயண நூலிலும் எசாயாவிலும் வருபவை.