யார் பங்கிலும் இல்லாத இடங்கள்

வீட்டில் எது அழுக்கு என்று கேட்டால் எல்லோரும் பாத்ரூமைத்தான் சொல்வார்கள். அதை வாரத்துக்கு ஒருமுறையாவது யாரோ தேய்த்துவிடுகிறார்கள். ஃபிரிட்ஜின் பின்பக்கம் அடியில் ஒரு தட்டு இருப்பதே பல வீடுகளில் கொசு ஒழிப்புப் பணியாளர் வந்து காட்டிய பிறகுதான் தெரிகிறது.

மழைக்காலத்தில் எங்கள் தெருவுக்கு வரும் அந்தப் பெண்கள் ஹாலை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பளபளக்கும் டீப்பாயைத் தாண்டி நேராக ஃபிரிட்ஜுக்குப் பின்னால் டார்ச் அடிப்பார்கள். உள்ளே பனி உருகி வடியும் நீர் கம்ப்ரசரை ஒட்டிய அந்தத் தட்டில் சேரும். கம்ப்ரசர் சூட்டிலேயே ஆவியாகிவிடும் என்பது ஏற்பாடு. காற்றே ஈரமாயிருக்கும் ஐப்பசி கார்த்திகையில் அது சட்டென்று காய்வதில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அவ்வளவு தண்ணீர் தாராளம். முட்டை கொசுவாகிப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் தீராது. கொசு முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தட்டின் ஓரத்தில். தட்டு காய்ந்த பிறகும் முட்டைகள் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்து, மறுபடி தண்ணீர் ஏறும்போது பொரிந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஓரத்தை நார் போட்டுத் தேய்க்கத்தான் வேண்டும். பூந்தொட்டியின் அடித்தட்டுக்கும் இதே வைத்தியம்.

இப்படிப்பட்ட இடங்கள் விட்டுப்போவதற்குச் சோம்பல் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவை யார் பங்கிலும் இல்லை, அவ்வளவுதான். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் பேசும்போது பாத்திரம், பெருக்கித் துடைப்பது, துணி என்று கணக்கு முடிகிறது. மஞ்சள் கையும் எண்ணெய்க் கையும் பட்டுப் பழுத்துப்போன அடுப்படி சுவிட்ச் போர்டு அந்தக் கணக்கில் வராது. நம் கணக்கிலும் வராது. ஃபேன் மட்டும் வீட்டு ஆண்களின் பங்கு. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஒருவர் ஸ்டூலில் ஏற, ஒருவர் ஸ்டூலைப் பிடிக்க, இன்னொருவர் பழைய தலையணை உறையோடு கீழே நிற்க, அது ஒரு திருவிழா. மிக்ஸியைக் கவிழ்த்துப்போட்டு, அடியில் காற்றுத் துளைகளை அடைத்துக் கெட்டிப்பட்ட மாவைக் குச்சியால் நெம்பி எடுப்பவருக்கு ஸ்டூலும் இல்லை, கூட்டமும் இல்லை. செய்து முடித்தாலும் சமையலறை முன்பு போலவேதான் தெரியும். மோட்டார் கொஞ்சம் குறைவாகச் சுடும்.

நாம் செய்யும் சுத்தத்தில் பெரும்பகுதி காலிங் பெல்லுக்காக. வருகிறவர் கண் எதுவரை போகுமோ, துடைக்கும் துணியும் அதுவரைதான் போகிறது. ஆயுத பூஜைக்கு அரிவாள்மனை முதல் தையல் மெஷின் வரை ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் துடைக்க வைத்தவர்கள் கெட்டிக்காரர்கள். இப்போது இன்வெர்ட்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் முகத்தில் சந்தனப் பொட்டு வைக்கிறோம், முதுகைப் பார்ப்பதில்லை.

கேஸ் டியூபைப் பாருங்கள். அடுப்பை இரண்டு வேளையும் துடைக்கிற வீட்டிலும் அதன் பின்னால் வளைந்து போகும் ஆரஞ்சு டியூப் பிசுக்கேறிக் கிடக்கும். ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் அதில் அச்சடித்த ஆண்டு தெரியும். 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது அது. பிசுக்குக்கு அடியில் கெடு முடிந்து போயிருக்கலாம். விரிசலும் இருக்கலாம்.

அதற்காக எல்லா மூலையையும் தோண்டச் சொல்லவில்லை. எங்கள் வீட்டு மர பீரோவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் பார்ப்பதே இல்லை. அதை நகர்த்த நாலு ஆள் வேண்டும், தரை கீறும், வீட்டில் வீசிங் தொந்தரவு உள்ளவர்களும் இல்லை. அடுத்தமுறை பெயின்ட் அடிக்க வருகிறவர்கள் நகர்த்தட்டும்.