எண்ணமும் ஏற்பாடும்

ஒரு செயல் உயிர்களுக்கு நன்மை பயக்கிறது. செய்தவர் உள்ளத்திலோ இரக்கம் இல்லை, இலாபக் கருத்தே இருந்தது. அச்செயலை அறமென்று கொள்ளலாமா? இத்தாலி நாட்டின் தென்பகுதியிலுள்ள பழைய பண்ணை வீடுகளைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

புலியா என்னும் அப்பகுதியில் இத்தகைய வீட்டை ‘மஸ்ஸேரியா’ என்பர். தடித்த கற்சுவர், நடுவே முற்றம், ஆட்டுப்பட்டி, பாலாடைக்கட்டி செய்யும் அறை, மழைநீர்த் தொட்டி ஆகியவற்றுடன், திராட்சையை மிதித்துச் சாறெடுக்கும் கல்தொட்டியும் சிலவற்றில் உண்டு. ‘திரத்தூரோ’ எனப்படும் மந்தைப் பாதைகளின் ஓரத்தில் இவற்றுள் பல நிற்கின்றன.

அப்ருத்சோ மலைகளில் பனி விழுமுன் இடையர்கள் ஆடுகளை ஃபோஜ்ஜாச் சமவெளிக்கு ஓட்டி வருவர். வெயில் ஏறும் மே மாதத்தில் மலைக்குத் திரும்புவர். லாக்விலாவிலிருந்து ஃபோஜ்ஜா வரையுள்ள பாதையின் நீளம் ஏறத்தாழ 244 கிலோமீட்டர். அதன் அகலமோ ஏறத்தாழ 111 மீட்டர்! வண்டிகள் செல்ல இத்துணை அகலம் வேண்டியதில்லை. ஆடுகள் நடந்துகொண்டே மேய வேண்டுமென்றே வழி முழுவதும் புல்வெளியாக விடப்பட்டது. இடையிடையே இளைப்பாறும் இடங்கள் இருந்தன. பாதையை உழுது கைப்பற்றுவோரைத் தடுக்க எல்லைக்கற்கள் நடப்பட்டன.

இவ்வேற்பாட்டை முறைப்படுத்தியவர் அரகோன் மரபின் அரசர் அல்ஃபோன்சோ. 1447-இல் மந்தைகளுக்கெனவே ஒரு சுங்கத்துறையை அவர் நிறுவினார். அவர் கருதியது தீர்வை. மந்தை நலிந்தால் கருவூலம் நலியும். கம்பளிக்காக வளர்க்கப்பட்ட அம்மந்தைகளில் குட்டிகள் பல கசாப்புக்கும் போயின. இதனை மறைப்பதற்கில்லை.

1806-இல் அத்துறை ஒழிந்தது. 1865-இன் சட்டம் மேய்ச்சல் நிலங்களைத் தனியுடைமையாக்க வழிவிட்டது. பின்னர்ப் பிரான்சின் திராட்சைக் கொடிகளை வேர்ப்பூச்சி அழித்தபோது, புலியாவின் மதுவுக்கு அங்கே தேவை பெருகியது. புல் இருந்த இடத்தில் கோதுமையும் கொடியும் வந்தன. ஆட்டால் வாழ்ந்த பண்ணைகள் சில மதுவால் வாழலாயின.

கள், ஊன், தேன் மூன்றையும் விலக்குவது நம் இல்லறத்தாரின் அடிப்படை விரதம். புளித்த சாற்றில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் தோன்றி மடிகின்றன; அருந்துவோனின் விழிப்பும் மங்குகிறது. ஆகவே அவ்வீட்டு மதுவறை நமக்கு உகந்ததன்று. அங்கே விருந்தினராகச் செல்லும் நம் பிள்ளைகள் கிண்ணத்தைப் பணிவோடு மறுத்துவிடலாம். வீட்டாரை இகழ வேண்டுவதில்லை.

பாதையைப் பற்றியோ நாம் நின்று சிந்திக்க வேண்டும். அஹிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைச்சுமை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல். இவற்றுள் ஐந்தாவது நேராதபடி 111 மீட்டர் நிலத்தை ஒதுக்கிவைத்தது, விரதமே ஏற்காத ஓர் அரசு!

வினைப்பயன் எண்ணத்தைப் பற்றியே வரும். தீர்வைக்காகப் புல் விட்ட அரசர்க்குத் தயையின் பலன் இல்லை. இதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பசித்த ஆட்டுக்கு எண்ணத்தால் வயிறு நிறையாது, புல்லால்தான் நிறையும். நம்மிடம் தூய எண்ணம் உண்டு, நூல் உண்டு, நோன்பும் உண்டு. அவ்வெண்ணத்திற்கு ஈடாக எத்தனை அடி நிலம், எத்தனை குடம் நீர், நாளில் எத்தனை நாழிகை ஒதுக்கியிருக்கிறோம்? இலாபம் கருதியவர்கள் அளந்து கல் நட்டார்கள். இரக்கம் கருதும் நாம் இன்னும் அளக்கவே தொடங்கவில்லையெனில், அவர்தம் எண்ணத்தைக் குறைகூற நமக்குத் தகுதி ஏது?

எண்ணம் இல்லாத ஏற்பாடு அறமாகாது. ஏற்பாடு இல்லாத எண்ணம் உயிர்களைச் சென்றடையாது. இரண்டும் கூடிய இல்லறமே நிறைந்த இல்லறம்.