கரண்டியின் முதுகு

போன ஞாயிறு காலை என் மகள் லெமன் கர்ட் செய்கிறேன் என்று சமையலறையில் இறங்கினாள். எலுமிச்சைச் சாறு, முட்டை மஞ்சள் கரு, சீனி, வெண்ணெய், அவ்வளவுதான் சாமான். ரொட்டியில் தடவிச் சாப்பிடும் வெள்ளைக்காரப் பண்டம். ஈப்போக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், நம் கோப்பிக் கடைக் காயாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. அதில் தேங்காய்ப்பால், இதில் புளிப்பு. இரண்டையும் கெட்டியாக்குவது முட்டைதான்.

லெமன் விலையைப் பார்த்துவிட்டு, வாசலில் காய்த்த லிமாவ் கஸ்தூரியைப் பறித்துக்கொண்டாள். கோலிக்குண்டு அளவுதான், பிழிந்து பிழிந்து கை ஓய்ந்துபோகும். ஆனால் எனக்கு லெமனைவிட இந்த வாசம்தான் பிடிக்கும்.

முதல் தடவை அவசரம். சட்டியை நேராக அடுப்பில் வைத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரமெல்லாம் திரிந்து, இனிப்பான முட்டைப் பொரியல் ஆகிவிட்டது. அம்மா எட்டிப் பார்த்து, "கட்டிப்பால் ஆயிடுச்சி" என்றார்.

பேத்திக்கு அந்த வார்த்தை தெரியவில்லை. அம்மா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவியவர். அங்கிருந்து கோலாகங்சார் பக்கம்தான். 1877இல் அங்கே நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றைக்கும் மரமாக நிற்கிறது. மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், வடிகிற ரப்பர்ப் பால், ஸ்டோருக்குப் போய்ச் சேரும்வரை பாலாகவே இருக்கவேண்டும். வெயில் ஏறிவிட்டால் மங்கிலேயே உறைந்துபோகும். அதுதான் கட்டிப்பால். பாலுக்கு உள்ள விலை அதற்குக் கிடையாது. அதனால் இரண்டு சொட்டு அம்மோனியா விடுவதும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், ஸ்டோருக்குப் போனதும் அதே பாலில் ஃபார்மிக் ஆசிட் கலந்து, வேண்டுமென்றே உறைய விடுவார்கள். பிறகு உருளையில் கொடுத்து, ஷீட்டாக்கி, புகைக் கொட்டகையில் தொங்கவிடுவார்கள். பால் உறைவது தப்பில்லை. மங்கில் உறைந்தால் நஷ்டம், தொட்டியில் உறைந்தால் சம்பளம்.

இரண்டாம் தடவை அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கீழே பானையில் தண்ணீர் லேசாகக் கொதிக்க, மேலே கிண்ணம். அடி தண்ணீரில் படக்கூடாது. நாலு மஞ்சள் கரு, அரைக் கப் சீனி, அரைக் கப் சாறு. சுமார் 76 டிகிரி செல்சியஸில் இது கெட்டிப்படும். அதற்கு மேல் சூடு மிஞ்சினால் திரிந்துவிடும். வெப்பமானியெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. அம்மா கரண்டியைத் தூக்கச் சொல்லி, அதன் முதுகில் விரலால் ஒரு கோடு இழுத்தார். இரண்டு பக்கமும் ஓடிவந்து கோடு மூடிக்கொண்டது.

"இன்னும் தண்ணியாதான் இருக்கு. கிண்டு."

"கை வலிக்குது பாட்டி."

"காண்டாவுல பால் வாளி தூக்கினவகிட்ட வந்து கை வலிங்கிறியே!"

பத்து நிமிடம் போனது. மறுபடி கோடு. இந்தத் தடவை கோடு கோடாகவே நின்றது. ஓரம் மட்டும் மெல்லச் சரிந்தது. "எறக்கிடு" என்றார் அம்மா. லெமன் கர்ட் என்ற பெயரையே அன்றைக்குத்தான் அவர் முதல்முறை கேட்டிருந்தார்.

இறக்கிய பிறகுதான் வெண்ணெய். சூட்டிலேயே துண்டு துண்டாகப் போட்டுக் கலக்கி, வடிகட்டிப் போத்தலில் ஊற்றினாள். குளிர்பெட்டியில் ஒரு வாரம் தாங்கும் என்று சொன்னாள். எங்கள் வீட்டில் அது மூன்று நாள்கூடத் தாங்கவில்லை.

அம்மா ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்த்தார். "காயாதான் நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த வெள்ளைக் கருக்களில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு, எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினார்.