விலாசம் யாருடையது?



நம்மில் யாராவது "ஆன்லைன்ல ஏதாவது விக்கலாம்னு இருக்கேன்" என்று சொன்னால், அடுத்த நிமிடமே ஒரு கேள்வி வரும். "பேஜ் ஓப்பன் பண்ணிட்டியா? டிக்டாக் இருக்கா?" என்ன விற்கிறாய், யாருக்கு விற்கிறாய், என்ன விலை என்பதெல்லாம் அப்புறம்தான். சமூக ஊடகம் இல்லாமல் ஆன்லைன் வியாபாரமே கிடையாது என்பது நம் தலைமுறை யோசிக்காமலே சொல்லும் பதிலாகிவிட்டது. அது உண்மைதானா? உண்மையென்றால் அதற்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம்?

நான் சிவில் பொறியியல் படிக்கிறேன். எங்கள் பாடத்தில் 'அவசியம்' என்ற சொல்லை லேசாகப் பயன்படுத்த விடமாட்டார்கள். ஒரு தூணை எடுத்தால் பாலம் விழுமா? விழுந்தால் அந்தத் தூண் அவசியம். விழாமல் கொஞ்சம் ஆடினால் அது வெறும் உதவி. இதே கேள்வியை இங்கேயும் கேட்கலாம். சமூக ஊடகத்தை எடுத்துவிட்டால் வியாபாரம் விழுமா?

இந்தச் சோதனையை நாம் செய்ய வேண்டியதில்லை, அது ஏற்கெனவே நடந்துவிட்டது. 2021 அக்டோபர் 4ஆம் தேதி, தீபாவளிக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுக்க ஏறக்குறைய 6 மணி நேரம் நின்றுபோயின. வலையமைப்பின் கொள்ளளவைச் சோதிக்கக் கொடுத்த ஒரு கட்டளை, அந்த நிறுவனத்தின் தரவு மையங்களுக்கு இடையிலான இணைப்புகளைத் துண்டித்துவிட்டது. அந்தத் தவறைத் தடுக்க வேண்டிய மென்பொருளிலும் பிழை. விளைவாக, "ஃபேஸ்புக்குக்கு இப்படிப் போ" என்று வழிகாட்டும் சேவையகங்களையே இணையத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. நமக்கு அது நள்ளிரவு. பலர் தூங்கி எழுவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. இந்தியாவில் இரவு 9 மணி, ஆர்டர் வரும் நேரம்.

அது விபத்து. அரசாங்கமே நிறுத்தியதும் உண்டு. 2020 ஜூன் 29ஆம் தேதி இந்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்குத் தடை விதித்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, நமக்கு எதிர்க்கரையில் இருக்கும் இந்தோனேசியாவில், சமூக ஊடகத்துக்குள்ளேயே விற்பனை நடக்கக் கூடாது என்று புதிய விதி வந்தது. 2023 அக்டோபர் 4ஆம் தேதி அங்கே டிக்டாக் ஷாப் மூடப்பட்டது. டோக்கோபீடியாவுடன் கூட்டுச் சேர்ந்து டிசம்பர் 12ஆம் தேதி மறுபடி திறந்தது. இடையில் இரண்டு மாதம். சிறு வியாபாரிக்கு இரண்டு மாதம் என்றால் என்னவென்று வீட்டு வாடகை கட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

அந்த ஒரே தூணில் எல்லாவற்றையும் நிறுத்தியவருக்குத்தான் அன்று பாலம் ஆட்டம் கண்டிருக்கும். வாடிக்கையாளரின் தொலைபேசி எண் தன் கையில் இருந்தவர் போன் அடித்துப் பேசியிருக்கலாம். ஆக, சமூக ஊடகம் பிறக்கும்போதே அவசியமாகப் பிறக்கவில்லை. வேறு எதையும் கட்டாமல் விட்டுவிட்டு, நாம்தான் அதை அவசியமாக்குகிறோம்.

வேறு என்ன கட்டலாம் என்பதற்கு நம் ஜார்ஜ்டவுனிலேயே பழைய உதாரணம் உண்டு. லெபோ பினாங்கில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே நீண்ட கூடத்தில் பல செட்டியார் நிறுவனங்கள் பெட்டியும் கணக்குப் புத்தகமுமாக வரிசையாக உட்கார்ந்து தொழில் செய்தன. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் எழுத்துகளால் ஆன ஒரு பெயர். அதை அவர்கள் 'விலாசம்' என்றார்கள். நமக்கு விலாசம் என்றால் முகவரி. அவர்களுக்கு அதுதான் பெயர், அதுதான் நாணயம். வட்டித் தொழிலில் நன்றி சொன்னவர்களும் இருந்தார்கள், நொந்தவர்களும் இருந்தார்கள். அவர்களை மகான்களாக்க நான் வரவில்லை. விலாசம் அவர்கள் கையில் இருந்தது, அவ்வளவுதான். கூடம் மாறினாலும் விலாசம் கூடவே போகும். இன்று நம் பேஜின் பெயர் நம்முடையது என்று நினைக்கிறோம். கணக்கு முடக்கப்படும் நாளில்தான் அது யாருடையது என்பது தெரியும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். "விலாசம் உள்ளவனுக்குப் பேசுறது ஈஸி. ஒண்ணுமே இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க?" இதைத் தட்டிக்கழிக்க முடியாது. லஷ் என்ற பிரிட்டிஷ் அழகுசாதன நிறுவனம் 2021 நவம்பர் 26ஆம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட் நான்கிலிருந்தும் விலகியது. இளையோரின் மனநலத்தைக் காரணமாகச் சொன்னது. நல்ல முடிவுதான். ஆனால் அவர்களுக்குப் பல நாடுகளில் கடை இருக்கிறது. கடைக்காரர் தெருவிலிருந்து விலகலாம், தெருவோர வியாபாரி எங்கே விலகுவார்?

சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடியில் ஓர் அக்கா இருக்கிறார். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபிறகு அவருக்கு வேலை போனது. சமையலறையில் முறுக்கும் அச்சு முறுக்கும் நெய் உருண்டையும் போட்டு விற்க ஆரம்பித்தார். கடை வாடகைக்குக் காசில்லை, விளம்பரத்துக்கும் காசில்லை. ஒரு போன் மட்டும் இருந்தது. அந்தப் போன்தான் அவரையும் பிள்ளையையும் காப்பாற்றியது. அவரிடம் போய் "சமூக ஊடகம் மாயை அக்கா" என்று உபதேசம் செய்ய எனக்குத் தகுதி இல்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஒருநாள் அவருடைய 6 வயது மகள் முறுக்கைக் கடித்துக்கொண்டு ஏதோ சொன்ன காணொலி நன்றாக ஓடியது. அதன்பிறகு முறுக்கு மட்டும் வரும் காணொலியை யாரும் பார்க்கவில்லை. "பாப்பா எங்க? பாப்பாவைக் காட்டுங்க" என்று பின்னூட்டம். வாரம் மூன்று முறை பிள்ளைக்குப் பொட்டு வைத்து, பூ வைத்து, போன் முன்னால் உட்கார வைத்தார்கள். ஒருநாள் பிள்ளை "எனக்குப் பசிக்கலம்மா" என்று முறுக்கைத் தள்ளிவிட்டது. அதை அக்காவே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "நான் முறுக்குதானே விக்கிறேன்?" என்று கேட்டார்.

திருக்குறளில் நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் வணிகரைப் பற்றியது. பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணிச் செய்வதே வணிகருக்கு நல்ல வணிகம் என்பது அதன் கருத்து. பள்ளியில் படிக்கும்போது 'பிறர் பொருள்' என்றால் காசு, சரக்கு என்று மட்டும்தான் நினைத்தேன். இன்றைக்கு அந்தப் பட்டியலை நீட்ட வேண்டியிருக்கிறது.

முதலில் பிறர் காசு. "விலைக்கு பி.எம். பண்ணுங்க" என்று எழுதுகிறோமே, அது ஆளைப் பார்த்து விலை சொல்ல வழி. நம் நாட்டின் மின்னியல் வணிக விதிமுறைப்படி, ஆன்லைனில் விற்பவர் தம் பெயர், தொடர்பு எண், முழு விலை, பொருளின் தன்மை, வந்து சேரும் காலம் எல்லாவற்றையும் வெளிப்படையாகக் காட்ட வேண்டும். சட்டத்துக்குப் பயந்து செய்வதைவிட, வாங்குகிறவர் காசும் நம் காசு மாதிரிதான் என்று நினைத்துச் செய்வது நல்லது.

அடுத்தது பிறர் நேரம். இந்தச் செயலிகள் நம்மிடம் காசு வாங்காமல் ஓடுவது எப்படி? நம் நேரத்தை விளம்பரதாரருக்கு விற்றுத்தான். தினமும் எதையாவது போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று நாம் அவசரப்படும்போது, அந்த வியாபாரத்தில் நாமும் ஒரு பங்காளி. சொல்ல விஷயம் இருக்கும்போது மட்டும் பேசும் கடைக்காரரை யாரும் வெறுப்பதில்லை. கையைப் பிடித்து இழுப்பவரைத்தான் தெருவில் தவிர்க்கிறோம்.

மூன்றாவது பிறர் முகம். பிள்ளையின் முகம் பிள்ளையுடைய பொருள். அம்மாவாக இருந்தாலும் அதை விற்கும் உரிமை இல்லை. வறுமை அதை விளங்கிக்கொள்ள வைக்கும், நியாயமாக்காது. இதை எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் தயங்குகிறது, ஏனென்றால் பசிக்காத வீட்டிலிருந்து எழுதுகிறேன். ஆனாலும் இது உண்மை. அந்தக் கேள்வியைக் கேட்டபோதே அக்காவுக்கும் அது தெரிந்திருந்தது.

அக்கா பாப்பா காணொலியை நிறுத்தினார். பார்வையாளர் எண்ணிக்கை விழுந்தது, ஆர்டரும் சில வாரம் குறைந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவரிடம் ஒரு பழைய பள்ளி நோட்டு இருந்தது. யார், எந்தத் தாமான், உறைப்பு கூடவா குறைவா என்று முதல் ஆர்டரிலிருந்தே எழுதி வைத்திருந்தார். தீபாவளிக்கு முன் அந்த நோட்டைப் பார்த்து ஒவ்வொருவருக்காகப் போன் செய்தார். நான் ஒரு சின்ன இணையப் பக்கம் செய்து கொடுத்தேன். விலை, எடை, கிடைக்கும் நாள் மட்டும் இருக்கும். அந்தத் தீபாவளிக்கு அவர் இரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டார். பேஜ் இன்னும் இருக்கிறது. புதியவர்கள் அதன் வழியாகத்தான் வருகிறார்கள், பழையவர்கள் நோட்டின் வழியாக.

ஆகவே நண்பர்களே, என் பதில் இதுதான். கையில் ஒன்றும் இல்லாதவருக்குச் சமூக ஊடகம் நல்ல ஆரம்பம். பாசார் மாலாமில் கடை போடுவதுபோல அங்கே போய்க் கடை விரிக்கலாம். அங்கேயே வீடு கட்டக் கூடாது. ஆரம்பித்த முதல் வாரமே எஸ்.எஸ்.எம்.மில் பதிவு செய்யுங்கள். சொந்தப் பெயரில் தொழில் பதிய ஆண்டுக்கு 30 ரிங்கிட், வேறு பெயர் வைத்தால் 60 ரிங்கிட். வாடிக்கையாளரிடம் கேட்டு அவர் எண்ணை எழுதி வையுங்கள். எது விற்பனைக்கு இல்லை என்பதையும் அன்றே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். பணம் வர ஆரம்பித்தபின் அதைப் பேசுவது ரொம்பக் கஷ்டம்.

ஆயுத பூஜையன்று நாம் கருவிகளுக்குப் பொட்டு வைத்து, சாமி முன் வைத்து, அன்று அவற்றைத் தொடாமல் இருப்போம். பட்டறையில் சுத்தியல், வீட்டில் புத்தகம். இந்த ஆண்டு உங்கள் வியாபாரப் போனையும் அங்கே வையுங்கள். ஒரே ஒரு நாள். அன்று யாராவது உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியோ, வேறு எண்ணில் கூப்பிட்டோ "முறுக்கு இருக்கா?" என்று கேட்டால், உங்களுக்கு விலாசம் இருக்கிறது. யாரும் கேட்கவில்லையென்றால், மறுநாள் காலையில் முதல் வேலையாக ஒரு நோட்டு வாங்குங்கள்.