அதே ஆள்தானா?

"ஆள் அடியோடு மாறிவிட்டான்" என்று ஒருவரைப்பற்றிச் சொல்கிறோமே, அப்போது நாம் சொல்வது அவருடைய குற்றத்தையா, நம்முடைய ஏமாற்றத்தையா? அம்பத்தூரில் கழிந்த ஒரு மாலைப்பொழுது இந்தக் கேள்வியை என்முன் வைத்தது.

என் நண்பர் ஒருவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகள் லேத் வேலை பார்த்தவர். அவர் சிரித்தால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். மனைவி மறைந்தபின் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. அண்மையில் பார்க்கப் போயிருந்தேன். ஒரு மணி நேரத்தில் பத்து வார்த்தைகூடப் பேசவில்லை. காப்பி கொண்டுவர அவர் உள்ளே போனதும், மனம் பொறுக்காமல், "உங்க அப்பா பழைய மனுஷரே இல்லையம்மா" என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.

கூடத்தில் பேரன் வீடியோ விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். சிவப்புத் தொப்பியும் பெரிய மீசையுமாக ஒரு குட்டை மனிதன் திரையில் தாவித் தாவி ஓடினான். "இவன்தான் மேரியோ, தாத்தா. முதல்லே இப்படி இருந்தான்" என்று பையன் பழைய படம் ஒன்றைக் காட்டினான். அதில் இருந்தவை சில வண்ணக் கட்டங்களே. மனிதன் என்று நம்பினால் மனிதன்! "அவனும் இவனும் ஒரே ஆளா?" என்றேன். "வேறே யாரு, தாத்தா?" என்றான்.

ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோவுக்காக ஷிகெரு மியமோட்டோ 1981-இல் படைத்த பாத்திரம் இது. குறுக்கே 16, நெடுக்கே 16 புள்ளிகள், அவ்வளவுதான் இடம். அதற்குள் வாய் வரைய முடியாது. ஆகவே மூக்குக்குக் கீழே மீசை வந்தது. தலைமயிரைக் காட்டுவது கடினம், ஆகவே தொப்பி. கை வீசுவது உடம்பிலிருந்து தனித்துத் தெரிய வேண்டும். ஆகவே தோள்பட்டை வைத்த கால்சட்டை. எல்லாம் வறுமையில் பிறந்த அலங்காரம்!

முதலில் அவன் பெயர் 'ஜம்ப்மேன்', தொழில் தச்சு. 1983-இல் குழாய் வேலைக்காரன் ஆனான். சட்டையின் நிறமும் கால்சட்டையின் நிறமும் பின்னர் இடம் மாறின. 1996-இல் உடம்பு கனபரிமாணம் பெற்றது. இன்று மயிரிழையைக்கூட வரையலாம். ஆனால் மீசை போகவில்லை; தொப்பியும் போகவில்லை. தேவைக்காக வந்தவை, தேவை தீர்ந்தபின்பும் அவனுடைய அடையாளமாகத் தங்கிவிட்டன.

நம் வந்தியத்தேவனும் இப்படித்தான். 1950-இல் 'கல்கி'யில் மணியம் வரைந்த முகம் ஒன்று. பின்வந்த ஓவியர்கள் தந்த முகங்கள் வேறு. 2022-இல் திரையில் வந்த முகம் வேறு. எது அழகென்று வீட்டுக்கு வீடு சண்டை போட்டோம். ஆனால் அவன் வந்தியத்தேவனே அல்ல என்று சொன்னோமா? படத்துக்குக் காட்டும் தாராளத்தை, ரத்தமும் சதையுமான மனிதருக்கு ஏன் மறுக்கிறோம்?

"அப்படியானால் யோக்கியன் அயோக்கியன் ஆனாலும் அதே ஆள் என்று ஏற்க வேண்டுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மீசை போய்விட்டதென்றால் முறையிட நமக்கு உரிமை உண்டு. ஆனால் எது மீசை, எது சட்டையின் நிறம் என்று முதலில் பார்க்க வேண்டாமா? நமக்கு இன்பம் தந்ததெல்லாம் அவருடைய சாரம் என்று எண்ணிவிடுகிறோம்.

நண்பர் காப்பியுடன் வந்தார். தருவதற்கு முன் தம்ளரின் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். கடைந்த உருப்படியில் பிசிறு இருந்தால் அடுத்தவன் கையைக் கிழிக்கும் என்று லேத்தின்முன் நின்று பழகிய பழக்கம். என் உதட்டுக்காக இன்றும் அந்த விரல் சுற்றியது. நான் சிரிப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். மனிதர் விரலில் இருந்தார்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே இருப்பது திருமுல்லைவாயில். அங்கே, யானையின் காலைச் சுற்றிய முல்லைக்கொடியைத் தொண்டைமான் வாளால் வெட்டியபோது, அடியில் இருந்த லிங்கத்தின்மேல் வெட்டுப் பட்டது என்கிறது தலபுராணம். அந்தக் காயத்தின்மேல் சந்தனக்காப்பு. ஆண்டுக்கொருமுறை சித்திரைச் சதயத்தில் அது புதுப்பிக்கப்படுகிறது. காயம்பட்ட அந்த இறைவனுக்குப் பெயரோ மாசிலாமணி! வெட்டுப்பட்டதனால் அவர் வேறு தெய்வமாகிவிட்டார் என்று எந்தப் பக்தனும் சொன்னதில்லை.

நண்பரின் மகளிடம் சொன்ன சொல்லை, மறுநாள் தொலைபேசியில் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.