ஆசிரியரை அளக்கும் பொறி

ஆசிரியர் ஒருவர் நன்கு கற்பிக்கின்றாரா என்று துணிதற்கு அளவை யாது? இவ்வினா பழையது. வகுப்பின் கடையிருக்கையில் மேற்பார்வையாளர் அமர்ந்து குறிப்பெடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. இந்நாளில் செயற்கை நுண்ணறிவுப் பொறியும் அவ்விருக்கைக்கு வந்து சேர்ந்தமையின், அப்பழைய வினா மீண்டும் எழுகின்றது. அப்பொறி காண்பது யாது, காணமாட்டாதது யாது, அதன் சொல்லைக்கொண்டு ஓராசிரியரின் தகுதியைத் துணிதல் அறமாமா என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் பொறியின் தொழிலை அறிதல் வேண்டும். அமெரிக்க நாட்டுப் பாடசாலைகளில் வழங்கும் டீச்எஃப்எக்ஸ் என்னும் செயலி, வகுப்பின் ஒலியைக் கேட்டு, ஆசிரியர் பேசிய நேரம் இவ்வளவு, மாணாக்கர் பேசிய நேரம் இவ்வளவு என்று பகுத்துக் காட்டும். வேறு சில, பேச்சை எழுத்தாக்கி, மாணாக்கன் கூறிய விடையை ஆசிரியர் எடுத்துக்கொண்டு மேற்சென்றாரா என்பதையும் குறிக்கும். இக்கணக்குப் பயனற்றதன்று. மேரி பட் ரோ என்னும் அமெரிக்க அம்மையார் 1970-களில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆசிரியர் வினவியபின் ஒரு நொடியளவே பொறுக்கின்றனர் என்றும், அதனை 3 நொடியாக நீட்டின் மாணாக்கர் விடை விரிவதோடு, முன்பு வாய்திறவாதாரும் விடைகூற முற்படுகின்றனர் என்றும் காட்டினார். தாம் பொறுத்தது ஒரு நொடியே என்பதைத் தாமாக உணரும் ஆசிரியர் அரியர். அதனை உணர்த்தும் கருவி நன்றே.

அற்றேல், அக்கணக்கைக் கொண்டே ஆசிரியரைத் தரம்பிரித்து, பதவியும் ஊதியமும் வரையறுத்தலில் இழுக்கென்னை எனின், கூறுதும். காண்டல் வேறு, கருதல் வேறு. பொறி காண்பது குறியை, துணியப்படுவதோ குணத்தை. புகையைக் கண்டு நெருப்புண்டெனத் துணிவது, நெருப்பின்றிப் புகை நிகழாது என்னும் நியதி பற்றியே. அந்நியதி இல்லாவிடத்து, மலைமேற் படிந்த பனியைப் புகையென மயங்கி நெருப்புண்டென்பார் நிலையே நமதாகும். மாணாக்கர் மிகப் பேசினர் என்பது குறி. நன்கு கற்றனர் என்பது துணிபு. இவ்விரண்டிற்கும் விட்டு நீங்காத் தொடர்பு உண்டோ? ஒரு வகுப்பில் ஐயமறுக்கும் பேச்சு மிகும். மற்றொன்றில் வீண்பேச்சு மிகும். புதிய பாடம் தொடங்கும் நாளில் ஆசிரியரே பேசவேண்டும். பயிற்சி நாளில் அவர் பேசாதிருத்தலே நன்று. மாணாக்கன் ஒருவன் வாளாவிருத்தல் அறியாமையானும் ஆம். ஆழ்ந்து நினைத்தலானும் ஆம். காலையில் உண்ணாது வந்த சோர்வானும் ஆம். மூன்றும் பொறிக்கு ஒரே மௌனம்.

குறியைக் காண்டலிலும் வழு உண்டு. 2020-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சி, பேச்சை எழுத்தாக்கும் பெருநிறுவனப் பொறிகள் ஐந்தினைச் சோதித்தது. வெள்ளையர் பேச்சில் 100 சொல்லுக்கு ஏறத்தாழ 19 பிழையும், கறுப்பினத்தார் பேச்சில் 35 பிழையும் நேர்ந்தன. செவியே ஒருபாற் கோடுமாயின், அதன்மேல் எழுந்த தீர்ப்பு நடுவுநிலை உடைத்தாதல் யாங்ஙனம்? முகக்குறி கொண்டு அகத்தைத் துணியும் பொறிகளோ இன்னும் ஐயத்திற்கு இடனாவன. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய சட்டம், பணியிடத்தும் கல்விச்சாலையினும் அத்தகைய பொறிகளை, மருத்துவமும் பாதுகாப்பும் பற்றியன ஒழிய, 2025 பிப்ரவரி 2 முதல் விலக்கியது.

மக்கட்கண்ணும் பிழைபடுமன்றோ, மேற்பார்வையாளரும் விருப்பு வெறுப்பு உடையரன்றோ எனின், அஃதொக்கும். 2009 முதல் கேட்ஸ் அறநிலையத்தின் பொருளுதவியால், அமெரிக்காவில் ஏறத்தாழ 3,000 ஆசிரியர் பங்குகொள்ள நடந்த ஆராய்ச்சியும், ஒருவர் ஒருமுறை கண்டு கூறுவது போதாது, பலர் பலமுறை காண்டல் வேண்டும் என்றே காட்டிற்று. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. தவறாக எழுதிய மேற்பார்வையாளரை, ‘எக்காரணம் பற்றி இங்ஙனம் எழுதினீர்?’ என்று வினாவலாம். அவர் விடைகூறக் கடமைப்பட்டவர். தவறுணர்ந்து நாணவும், எழுதியதை மாற்றவும் வல்லவர். பொறியோ சடம். கண்ணின் துணைகொண்டு காண்பது உயிரேயன்றிக் கண் அன்று என்பது சித்தாந்தம் கற்றார்க்குப் புதிதன்று. கருவியின் வழுவுக்குப் பழியேற்பவன் கருத்தாவே. அதிகாரி பொறியின்மேற் பழியைச் சுமத்தி ஒதுங்குவாராயின், அது பழிநாணுவார் ஒருவருமில்லாத் தீர்ப்பாய் முடியும்.

இதற்கு ஹூஸ்டன் நகரத்து வழக்கு ஒன்று சான்றாகும். அங்கு மாணாக்கர் தேர்வெண்களிலிருந்து ஆசிரியரின் ஆற்றலைக் கணிக்கும் முறையொன்று கையாளப்பட்டது. அதன் கணிப்புநெறி தனியார் நிறுவனத்தின் மறைபொருள். தமக்கிட்ட எண் சரியோ என்று ஆசிரியர் ஆராய வழியில்லை. அவர்கள் வழக்கிட, 2017-இல் கூட்டாட்சி நீதிமன்றம், நேரிய நெறிமுறை பற்றிய அவர்தம் முறையீட்டைத் தள்ள மறுத்தது. அவ்வாண்டே ஏற்பட்ட உடன்பாட்டில், சரிபார்க்கவியலாத எண்ணைக் காட்டிப் பணிநீக்குவதில்லை என்று பள்ளி ஆட்சியார் இசைந்தனர்.

பிறிதொரு கேடும் உண்டு. எஃது அளக்கப்படுமோ அதுவே தொழிலாய்விடும். இங்கிலாந்தில் 1862-இல், வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றில் பிள்ளைகள் தேறுவதற்கேற்பப் பள்ளிக்குப் பொருளளிக்கும் விதி எழுந்தது. பிள்ளைகள் பொருளுணராது பாடத்தை உருப்போட்டனர். பள்ளி மேற்பார்வையாளராயிருந்த மாத்யூ ஆர்னால்டு அம்முறையைக் கண்டித்தார். அந்நூற்றாண்டின் இறுதியில் அது கைவிடப்பட்டது. பொறிக்கு அஞ்சும் ஆசிரியரும் இவ்வாறே 3 நொடியை எண்ணுவர். மாணாக்கன் முகத்தை நோக்கார்.

ஆகலின், பொறி ஆசிரியர்க்குக் கண்ணாடியாகலாம், அவர்மேல் நீதிபதியாகலாகாது. 2021-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் நடத்திய இணையவழிப் பாடத்தில், பயிற்றுநர் 1,000 பேர்க்கு மேற்பட்டாருள் ஒரு பகுதியார்க்குப் பொறியின் குறிப்புத் தனித்து அனுப்பப்பட்டது. அது தரமிடுதற்கு எழுந்ததன்று. அக்குறிப்புப் பெற்றார், பெறாதாரினும் மிகுதியாக மாணாக்கர் கூற்றை எடுத்து விரித்தனர். அச்சமின்றித் தன்னை நோக்கினார்க்குக் கண்ணாடி பயன்பட்டவாறு இது.

பொறியைக் கொள்வார் கடைப்பிடிக்கற்பாலன நான்கு: ஆசிரியர் உடன்பாடின்றி ஒலியைப் பதியாமை, பதிந்ததை முதற்கண் அவர்க்கே காட்டல், தகுதியைத் துணியுமிடத்து, வகுப்பை நேரிற் கண்ட ஒருவர் காரணம் எழுதித் தம் பெயரிடல், அக்காரணத்தை மறுத்துரைக்க ஆசிரியர்க்கு இடமளித்தல். இவற்றுள் மூன்றாவதே ஏனையவற்றிற்கு உயிராவது. பெயரிட அஞ்சுவார் தீர்ப்பிட உரியரல்லர்.